ஐந்து பெயர்கள்: வளாகத்தில் நினைவு நாள் நடத்துவது எப்படி

எங்கள் கல்லூரி விடுதியில் தீப்பிடித்து 17 வருடம் ஆகிறது. அதன் நினைவு நாளை 14 முறை நான் முன்நின்று நடத்தியிருக்கிறேன். நான் ஆசிரியை இல்லை, அலுவலகத்தில் மாணவர் பதிவேடு பார்க்கிறவள். இந்தப் பொறுப்பு என்னிடம் வந்ததற்குக் காரணம் ஒன்றுதான். அன்றைக்கு இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள், நான் மட்டும் அதே நாற்காலியில் இருக்கிறேன்.

ஊரில் ஒரு துயரம் நடந்தால் அதைப் பார்த்தவர்கள் அங்கேயே வாழ்ந்து, அங்கேயே பேசிக்கொண்டிருப்பார்கள். வளாகத்தில் அப்படி நடக்காது. நான்கு வருடம் போதும், கண்ணால் பார்த்த கடைசி மாணவனும் பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். முதல் வருட நினைவு நாளில் விடுதி முழுக்க அழுதது. ஐந்தாவது வருடம் ஒரு பெண் என்னிடம் வந்து, நினைவுக் கல்லைக் காட்டி, "அந்தக் கல்லுல என்ன மேடம் எழுதியிருக்கு?" என்று கேட்டாள். அவள் மேல் தப்பில்லை, யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. உங்கள் வளாகத்திலும் இப்படி ஒரு நாள் இருந்து, அது உங்கள் கையில் வந்து சேர்ந்திருந்தால், நான் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பேச வேண்டியது குடும்பத்தாரிடம். மண்டபம், மைக், அழைப்பிதழ் எல்லாம் பிறகு. குறைந்தது இரண்டு மாதம் முன்பே கூப்பிடுங்கள். நினைவு நாள் நெருங்கும் வாரத்தில் அவர்கள் வீட்டில் தூக்கம் இருக்காது. அந்த நேரத்தில் கல்லூரி எண்ணிலிருந்து அழைப்பு போனால் பதறிப்போவார்கள். நான் கூப்பிட்டதும் யார் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு, "அவசரம் ஒண்ணும் இல்லம்மா, இப்ப பேசலாமா?" என்று கேட்பேன். பிறகு கேட்பவை நான்கே. பெயரை வாசிக்கலாமா? படம் வைக்கலாமா, வைத்தால் எந்தப் படம்? நீங்கள் வருகிறீர்களா? வந்தால் எங்கே உட்கார விருப்பம்? கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பேன். பதில் வர நேரமாகும். ஒரு தாய் எட்டு வருடம் "வேண்டாம்மா" என்று மட்டும் சொன்னார். ஒன்பதாவது வருடம் தானாகவே வந்தார். ஒருவர் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும். ஆனால் அடுத்த வருடமும் கேட்க வேண்டும்.

படத்தை நீங்களாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். எங்கள் கோப்பில் இருந்தவை விண்ணப்பத்தில் ஒட்டிய பாஸ்போர்ட் படங்கள், எல்லாரும் பயந்த முகத்தோடு இருப்பார்கள். வீட்டிலிருந்து வந்த படங்களைப் பார்த்த பிறகுதான் அந்தப் பிள்ளைகள் எப்படிச் சிரிப்பார்கள் என்றே எனக்குத் தெரிந்தது.

பெயர்கள் விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். நான் நடத்திய மூன்றாவது வருடம் பெயர் வாசித்த மாணவர் ஒரு பெயரில் வந்த ழகரத்தை ளகரமாகச் சொல்லிவிட்டார். முன் வரிசையில் இருந்த அந்தப் பெண்ணின் அப்பா சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கூட்டம் முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது, தனக்குத்தானே சொல்வதுபோல மகளின் பெயரைச் சரியாக ஒருமுறை சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து வாசிக்கிறவர் ஒரு வாரம் முன்பே என் மேசைக்கு வந்து ஐந்து பெயரையும் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். தலைப்பெழுத்து, எழுத்துக்கூட்டல், வீட்டில் கூப்பிடும் பெயர் எல்லாவற்றையும் குடும்பத்திடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். சான்றிதழில் இருப்பது ஒன்று, வீட்டில் சொல்வது ஒன்று என்றால், வீட்டில் சொல்வதுதான் சரி. பெயர்களின் வரிசையை ஒருமுறை முடிவு செய்தால் பிறகு மாற்றாதீர்கள். நாங்கள் அகர வரிசையில் வாசிக்கிறோம்.

பட்டியலில் யார் யார் என்பது இன்னும் பெரிய கேள்வி. எங்கள் கல்லில் "மாணவர்கள் நால்வர் நினைவாக" என்று பொறித்திருந்தார்கள். ஆனால் அன்று இறந்தது ஐந்து பேர். ஐந்தாமவர் விடுதிக் காவலாளி. இரண்டாம் மாடியின் பின் கதவு வெளியே பூட்டியிருந்தது. சாவியை எடுத்துக்கொண்டு மேலே ஓடியவர் திரும்பவில்லை. அவருடைய மனைவி முதல் மூன்று வருடமும் வந்து, கேட் ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போனார். நான் பொறுப்பேற்ற வருடம் அவரை உள்ளே கூப்பிட்டேன். வரவில்லை. "அவரு பேரு படிப்பீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கல்லை மாற்ற நிர்வாகத்துக்கு ஆறு கடிதம் எழுத வேண்டியிருந்தது. கல் மாறும்வரை காத்திருக்காமல், அடுத்த வருடமே ஐந்து பெயரையும் வாசித்தோம். துப்புரவுப் பணியாளர், சமையல்காரர், ஓட்டுநர், தற்செயலாக வந்த விருந்தாளி என்று உங்கள் பட்டியலில் விடுபட்டவர் இருக்கிறாரா என்று பழைய செய்தித்தாளை எடுத்து ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

மறதி வளாகங்களுக்கு நடுவிலும் இருக்கிறது. 1970 மே 4 அன்று அமெரிக்காவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல் படை சுட்டு நான்கு மாணவர்கள் இறந்தது உலகத்துக்கே தெரியும். பதினோரு நாள் கழித்து, மிசிசிப்பியில் கறுப்பின மாணவர்கள் படித்த ஜாக்சன் ஸ்டேட் கல்லூரியில் போலீஸ் சுட்டு இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். அதை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு.

என்ன நடந்தது என்பதை மழுப்பாமல் சொல்லுங்கள். 1989 டிசம்பர் 6 அன்று கனடாவின் மாண்ட்ரியல் நகரில் எக்கோல் பாலிடெக்னிக் என்ற பொறியியல் கல்லூரியில் ஒருவன் பெண்களைத் தனியாகப் பிரித்துச் சுட்டான். 14 பெண்கள் இறந்தார்கள். அவர்கள் நினைவாக அமைந்த பூங்காவின் பலகை, அதை ஒரு சோக நிகழ்வு என்ற அளவில்தான் நெடுங்காலம் சொல்லிவந்தது. பெண்கள் மேலான வெறுப்பில் நடந்த தாக்குதல், கொல்லப்பட்டவர்கள் 14 பெண்கள் என்று தெளிவாகச் சொல்லும் பலகை 2019இல்தான் வந்தது. எங்கள் கூட்டத்தில் முதலில் ஒரு பத்தி வாசிப்போம். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தக் கட்டடம், மின்கசிவு, பூட்டிய கதவு, ஐந்து பேர். அதில் "விதி" என்ற சொல் கிடையாது. "இறைவன் அழைத்துக்கொண்டான்" என்றும் எழுதுவதில்லை. அப்படி நம்பி ஆறுதல் கொள்வது குடும்பத்தின் உரிமை. பூட்டைப் போட்ட நிர்வாகத்தின் வாயிலிருந்து அது வரக்கூடாது.

துப்பாக்கிச் சூடு போன்ற வன்முறை என்றால், செய்தவன் பெயரை மேடையில் சொல்லாதீர்கள். தற்கொலை என்றால் எப்படி, எங்கே என்ற விவரம் எதையும் பேசவோ எழுதவோ கூடாது. கேட்கிறவர்களில் ஏற்கெனவே மனம் உடைந்து நிற்கிற பிள்ளை இருக்கலாம். உதவிக்கு யாரிடம் போகலாம் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

எங்களுடைய பெரிய தவறு மெழுகுவர்த்தி. நான் நடத்திய இரண்டாவது வருடம், எல்லா இடத்திலும் செய்கிறார்களே என்று 200 மெழுகுவர்த்தி வாங்கிக் கொடுத்தேன். எல்லாம் ஒன்றாக எரிந்தபோது மெழுகும் திரியும் கருகும் வாடை எழுந்தது. அந்த இரவில் தப்பிய ஒரு முன்னாள் மாணவர், வெளியூரிலிருந்து வந்திருந்தவர், முகம் வெளுத்து, கையிலிருந்ததை ஊதி அணைத்துவிட்டு மைதானத்துப் பக்கம் வேகமாக நடந்துபோய்விட்டார். பின்னால் போய்ப் பார்த்தேன். குழாயைத் திறந்துவிட்டு முழங்கைவரை நனைத்துக்கொண்டிருந்தார். தீயில் போனவர்களுக்குத் தீயேற்றுகிறோமே என்று எனக்கு முன்பே தோன்றவில்லை. இப்போது ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பூ மிதக்கவிடுகிறோம். இதைச் சட்டமாகச் சொல்லவில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்த பெற்றோர்களே ஆண்டுதோறும் அகல் விளக்கும் மெழுகுவர்த்தியும் ஏற்றி அஞ்சலி செலுத்துகிறார்கள். அவர்களுக்கு அந்தச் சுடர் வேறொன்றாக இருக்கலாம். எது ஆறுதல், எது வேதனை என்பதை அனுபவித்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். நான் கேட்காமல் செய்தேன்.

தப்பிப் பிழைத்தவர்களுக்கு நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே அனுப்புங்கள். எப்போது மணி அடிக்கும், எப்போது விளக்கு அணையும் என்பதுகூட அதில் இருக்கட்டும். கதவுக்குப் பக்கத்து இருக்கைகளை அவர்களுக்கு விடுங்கள். பக்கத்தில் ஓர் அமைதியான அறையும், பேச ஒரு மனநல ஆலோசகரும் இருக்கட்டும். தீ எரியும் காட்சி, பழைய தொலைக்காட்சிப் பதிவு, நடித்துக் காட்டுவது எதுவும் வேண்டாம். அன்று தேர்வு வைக்காதீர்கள். வருகைப் பதிவும் எடுக்காதீர்கள். கட்டாயத்துக்காக வந்து நிற்கிறவன் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பான், அதை ஒரு தாய் பார்ப்பார்.

நேரம் உண்மையான நேரமாக இருந்தால் நல்லது. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 2007 ஏப்ரல் 16 அன்று 32 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் பிறந்து அங்கே பேராசிரியராக இருந்த ஜி. வி. லோகநாதனும் அவர்களில் ஒருவர், வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோதே இறந்தார். அங்கே அந்த நாள் பிறக்கும் நள்ளிரவில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றுகிறார்கள், காலை 9:43க்கு மலர்வளையம் வைக்கிறார்கள், இறந்த ஒவ்வொருவருக்கும் பெயர் பொறித்த ஒரு கல் இருக்கிறது. எங்களுடையது பின்னிரவு 2:40. அந்த நேரத்தில் பெற்றோரை வரச் சொல்ல முடியாது. அதனால் மாலை 5 மணிக்குக் கூடுகிறோம். ஆனால் விடுதி மாணவர்கள் சிலர் 2:40க்கு எழுந்து, தாழ்வாரத்து விளக்கை ஐந்து நிமிடம் அணைத்து வைக்கிறார்கள். அவர்களாகவே ஆரம்பித்தது அது.

மௌனத்துக்குக் கடிகாரம் பாருங்கள். ஒரு நிமிடம் என்று அறிவித்துவிட்டு 20 வினாடியில் தொண்டையைச் செருமுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பேச்சு ஒன்று போதும், அதுவும் ஐந்து நிமிடம். அதை அந்தப் பிள்ளைகளைத் தெரிந்தவர் பேசட்டும். சிறப்பு விருந்தினர் வேண்டாம், யாருக்கும் சால்வை போர்த்த வேண்டாம்.

இனி, அடுத்த கைக்கு மாற்றுவது. கென்ட் ஸ்டேட்டில் 1975க்குப் பிறகு நினைவு நாளை நடத்துவதிலிருந்து நிர்வாகம் விலகிக்கொண்டது. மாணவர்கள் ஒரு குழு அமைத்துத் தாங்களே எடுத்துச் செய்தார்கள். அந்த நான்கு மாணவர்கள் விழுந்து கிடந்த இடங்களில் வருடக்கணக்கில் கார்கள் நின்றன. 1999இல்தான் அந்த இடங்களைத் தனியாக அடையாளமிட்டுப் பிரித்தார்கள். அத்தனை வருடமும் மாணவர்கள் ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அதைப் படித்த பிறகுதான் நான் நோட்டு ஒன்று போட்டேன். பச்சை அட்டை போட்ட நீள நோட்டு. குடும்பங்களின் எண்கள், யார் எதற்குச் சம்மதித்தார்கள், பெயர்களின் உச்சரிப்பு, வாசிக்கும் பத்தி, அந்த வருடம் செய்த தவறு, எல்லாம் அதில் இருக்கிறது. மெழுகுவர்த்தி ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது. பெயர்களை வாசிப்பது எப்போதும் முதலாண்டு மாணவர்தான். இன்னும் மூன்று வருடம் அவர் இங்கே இருப்பார், யாராவது கேட்டால் சொல்வார். எனக்கு ஓய்வு 2 வருடத்தில். நோட்டின் இரண்டாவது பிரதி இப்போதே நூலகத்தில் இருக்கிறது.

கடைசியாக, அன்றைய நாளில் கையால் செய்கிற வேலை ஒன்று இருக்கட்டும். கும்பகோணத்தில் கூரை கீற்று, படிக்கட்டு குறுகல். பள்ளிகளில் தீப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கி உச்ச நீதிமன்றம் 2009இல் உத்தரவிட்டதற்குப் பின்னால் அந்த 94 குழந்தைகளின் சாவு இருக்கிறது. நாங்கள் பிற்பகல் 3 மணிக்கு விடுதி முழுக்க நடக்கிறோம். தீயணைப்பான் உருளைகளின் தேதியைப் பார்க்கிறோம், படிக்கட்டில் அடைத்து வைத்த கட்டில்களை அப்புறப்படுத்துகிறோம், முதலாண்டு மாணவர்களை இரண்டாம் மாடியிலிருந்து பின்படி வழியாக இறக்கிக் காட்டுகிறோம். அந்தக் கதவில் இப்போது பூட்டு கிடையாது. உள்ளிருந்து தள்ளினால் திறக்கும்.

போன வருடம் மாணவர்கள் இறங்கி முடித்த பிறகு, காவலாளியின் மனைவி கேட்டைத் தாண்டி உள்ளே வந்தார். "நான் ஒருதரம் மேல போய்ப் பாக்கட்டுமாம்மா?" என்றார். கூடவே போனேன். முழங்கால் வலி, ஒவ்வொரு படியாக ஏறினார். மாடிக்கு வந்ததும் பின் கதவின் மேல் உள்ளங்கையை வைத்துத் தள்ளினார். திறந்தது. அதை இழுத்துச் சாத்திவிட்டு, இன்னொரு முறை தள்ளிப் பார்த்தார்.