அண்டாவில் தொடங்கி குலசாமி கோயில் வரை: குறைந்த செலவில் குடும்ப வரலாறு தேடுவது எப்படி

குடும்ப வரலாறு தேடணும் என்று தோன்றியதும் நேராக ஊருக்குக் கிளம்பிவிடாதீர்கள். முதலில் வீட்டுப் பரணில் ஏறுங்கள். அங்கே கிடக்கும் பித்தளைக் குடம், அண்டா எல்லாவற்றையும் துடைத்துப் பாருங்கள், பெயர் வெட்டியிருக்கும். எங்கள் வீட்டு அண்டா ஒன்றில் அப்பத்தாவின் பெயரும் 'குரோதி வருஷம் தை' என்ற எழுத்தும் இருந்தன. தமிழ் வருஷப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும், அதனால் குரோதி என்றால் 1904-05 ஆகவும் இருக்கலாம், 1964-65 ஆகவும் இருக்கலாம். அப்பா வயதை வைத்துப் பார்த்தால் 1964-65தான். வருஷம் சித்திரையில் பிறப்பதால் தை மாதம் அடுத்த ஆங்கில ஆண்டுக்குப் போய்விடும், அண்டா கல்யாணச் சீர் என்பதால், அப்பத்தா கல்யாணம் 1965 தொடக்கத்தில். இந்தக் கணக்கில் பலர் ஒரு வருஷம் தவறிவிடுகிறார்கள்.

அப்புறம் மொய் நோட்டு. பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. ஊர்ப் பெயரோடு ஆள் பெயர் எழுதியிருப்பதால் யார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பது அதில் அப்படியே இருக்கும். பெண்கள் பிறந்த வீட்டு ஆட்களை வேறு எங்கும் இவ்வளவு சுலபமாகப் பிடிக்க முடியாது.

இனி பயணம். ஒருமுறை ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று வாடகைக் கார் எடுத்தோம். நாலு வழிச்சாலை ஊர்களை ஒதுக்கிக்கொண்டு போனது, கூட வந்த பெரியவர் ஏசி குளிரில் தூங்கிவிட்டார், காசு போனதுதான் மிச்சம். அடுத்த முறை அப்பத்தாவின் தங்கையை, எங்களுக்குச் சின்ன அப்பத்தா, மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகும் பாசஞ்சர் ரயிலில் ஜன்னல் ஓரம் உட்காரவைத்தேன். திருப்புவனம் தாண்டியதும் பேச ஆரம்பித்தவர் மானாமதுரை, பரமக்குடி என்று ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு கதை வைத்திருந்தார், யார் எந்த ஊரில் பெண் எடுத்தார்கள், எந்தப் பஞ்சத்தில் எந்த வீடு காலியானது என்று. ஆண்டு கேட்டால் அவருக்குத் தெரியாது. "தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோச்சே, அதுக்கு மறுமாசம் அக்கா கல்யாணம்" என்றார். அந்தப் புயல் 1964 டிசம்பரில் வந்தது. அண்டாவில் இருந்த தை மாதம் அப்படியே பொருந்தியது! ஆகவே ஆண்டு கேட்காதீர்கள், புயல், பஞ்சம், தேர்தல் எதையாவது சொல்லி அதற்கு முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள். ரயிலை விட்டு இறங்கினால் டவுன் பஸ். சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அதனால் அத்தை, சித்தி என்று இரண்டு பேரைக் கூடுதலாகக் கூட்டிப்போனாலும் செலவு ஏறாது.

எந்த நாளில் போவது? மதுரைப் பக்கம் என்றால் மாசி சிவராத்திரிக்கு, குலசாமி கோயிலுக்கு. சென்னை, திருப்பூர் என்று சிதறிக் கிடக்கும் பங்காளிகள் அன்றைக்கு ஒரே இடத்தில் இருப்பார்கள், இரவு கோயிலிலேயே தங்கிவிடலாம், அறை வாடகை மிச்சம். கோயில் வரி வசூலிப்பவரிடம் தலைக்கட்டு நோட்டை, அதாவது வரி கொடுக்கும் குடும்பங்களின் பட்டியலை, காட்டச் சொல்லுங்கள். பழைய நோட்டு கிடைத்தால் எந்தக் குடும்பம் எப்போது பிரிந்தது என்பது வரிசையில் தெரியும். தாத்தா பெயரையே பேரனுக்கு வைப்பதால் ஒரே பெயர் நாலு இடத்தில் வரும், பட்டப்பெயரையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு குறை, இந்த நோட்டில் ஆண்கள் பெயர்தான் இருக்கும். மகள்கள் பெயரைக் கேட்டு நீங்களே எழுத வேண்டும்.

நிலம் இருந்திருந்தால் மூலப்பத்திரத்தில் நான்கெல்லை பாருங்கள், பக்கத்து நிலத்துக்காரர் பெரும்பாலும் பங்காளியாகவே இருப்பார். சர்வே எண் தெரிந்தால் கிராமத்து நில விவரம் இருக்கும் 'அ' பதிவேட்டை இணையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம்.

பேசும்போது அனுமதி கேட்டு போனில் பதிவு செய்யுங்கள், குறுக்கே பேசாதீர்கள், அன்று இரவே யார் சொன்னது, எந்தத் தேதி என்று எழுதி வையுங்கள். அப்பத்தா இருந்தவரை எனக்கு இது தோன்றவில்லை, அவர் குரல் என்னிடம் இல்லை. சின்ன அப்பத்தா பேசியது ஆறு மணி நேரம் இருக்கிறது. நடுவில் அவர் சிரிக்கும் இடங்களில் அப்பத்தா மாதிரியே கேட்கும்.