புதிய செவிலியரிடம் "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள்

வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம் ஆன செவிலியரிடம் "புரிந்ததா?" என்று கேட்டுப் பாருங்கள். புரிந்தாலும் புரியாவிட்டாலும் தலையாட்டுவார். பழக்கிவிடும் மூத்தவர்கள் சறுக்குவது பெரும்பாலும் அந்தத் தலையாட்டலை நம்பித்தான்.

இன்சுலினையே எடுத்துக்கொள்வோம். மில்லிக்கு 100 யூனிட் உள்ள குப்பியில் 10 யூனிட் என்பது 0.1 மில்லிதான். இன்சுலின் சிரிஞ்ச் அகப்படாமல், அவசரத்தில் சாதாரணச் சிரிஞ்சில் 1 மில்லி இழுத்துவிட்டால் உள்ளே போவது பத்து மடங்கு. இந்தக் கணக்கைத் தேர்வில் தப்பில்லாமல் போட்டவர்தான் அவர். ஆனால் மூன்று படுக்கைகளிலிருந்து ஒரே நேரத்தில் மணி அடிக்கும்போது கை எந்தச் சிரிஞ்சுக்குப் போகிறது என்பதைத் தேர்வு சொல்லாது. எவ்வளவு எடுக்கப் போகிறார், எந்தச் சிரிஞ்சில் என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்; எடுத்த பிறகு பாருங்கள்.

ஒருவர் எடுத்த மருந்தை இன்னொருவரும் பார்த்து உறுதிசெய்யும் இரட்டைச் சரிபார்ப்பிலும் இதே கோளாறு உண்டு. "பத்து யூனிட், சரிதானே?" என்று சிரிஞ்சை நீட்டினால், விடையைக் காதில் வாங்கிவிட்ட கண்ணுக்கும் பத்துதான் தெரியும். எண்ணைச் சொல்லாமல் மருந்துச் சீட்டையும் சிரிஞ்சையும் மட்டும் கொடுங்கள்.

நோயாளியின் முன்னால் திட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆபத்தென்றால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். விளக்கத்தைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். "நாங்களும் திட்டு வாங்கித்தான் கற்றோம்" என்பார்கள். திட்டுக்குப் பயந்து எதையெல்லாம் மறைத்தோம் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

ஆள் பற்றாக்குறையைக் காட்டி, பயிற்சியில் இருப்பவரை முழு ஆளாகக் கணக்கிட்டு ஷிஃப்ட் போடுவது பயிற்சியே அல்ல.

அன்பால் செய்யும் தவறு ஒன்றும் இருக்கிறது: "டாக்டரிடம் நானே பேசிவிடுகிறேன்." என்றாவது ஓர் இரவு அவர் தனியாகப் பேச வேண்டிவரும். நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற வரிசையைப் பழக்குங்கள். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைக்கு வந்த முறை அது. "ஆறாம் படுக்கை நோயாளிக்கு ரத்த அழுத்தம் 84/50. காலையில்தான் வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு மணி நேரம் முன்பு 120/76 இருந்தது. உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று சந்தேகப்படுகிறேன். உடனே வந்து பாருங்கள், டாக்டர்." முதல் தடவை குரல் நடுங்கும். பக்கத்தில் நில்லுங்கள், தொலைபேசியைக் கையிலிருந்து வாங்கிவிடாதீர்கள்.