மூன்று பேருக்கான காற்றில் பன்னிரண்டு நாற்காலி

சென்ற வாரம் கிண்டியில் ஒரு பகிர்வு அலுவலகத்தைப் பார்க்க, புதிதாகத் தொழில் தொடங்கும் இரண்டு தம்பிகளோடு போயிருந்தேன். மேலாளர் கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்து, "12 சீட் கேபின் சார்" என்றார். தம்பிகள் நாற்காலிகளை எண்ணினார்கள். சரியாக 12. திருப்தியோடு தலையாட்டினார்கள். பல வருடங்களுக்கு முன் நானும் அப்படித்தான் எண்ணித் தலையாட்டினேன்.

வாடகை, இணைய வேகம், வண்டி நிறுத்துமிடம் எல்லாம் யாரும் கேட்காமல் விடுவதில்லை. அவை இங்கே வேண்டாம். அறை பார்க்கும்போது நாம் செய்கிற மற்றத் தவறுகளைத்தான் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நாற்காலியை எண்ணுவது

சீட் என்பது விற்கிறவரின் அளவை. உட்காருகிறவருக்கு அது எதையும் சொல்லாது.

நான் எடுத்த அறை 18 அடிக்கு 10 அடி. ஃபால்ஸ் சீலிங் எட்டரை அடியில். இரு பக்கச் சுவரிலும் மூன்றடி மேஜைகள் ஆறு ஆறாக. நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தால் எதிர்வரிசைக்காரர் முதுகில் இடிக்கும். கடைசி மேஜைக்காரர் தண்ணீர் பிடிக்க எழுந்தால், வழிநெடுக எல்லோரும் வயிற்றை மேஜையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். மூன்று மணிக்கு மேல் தலைகள் சாய்ந்ததுதான் புரியவில்லை. மதியச் சாப்பாட்டைக் குறை சொன்னேன். தயிர் சாதத்தின் மேல்கூடப் பழி போட்டேன். வீட்டில் மாட்டுகிற மாதிரி ஸ்பிளிட் ஏசி, அறைக்குள் இருக்கும் காற்றையே குளிர்வித்துச் சுற்றிவிடும், வெளிக்காற்றைக் கொண்டுவராது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பிறகுதான் கணக்குப் போட்டேன். அறையின் கன அளவு 1,530 கன அடி, அதாவது சுமார் 43 கன மீட்டர். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் ஒரு தொழிலாளிக்குக் குறைந்தது 14.2 கன மீட்டர் இடம் என்று வைத்தது. அது அலுவலகத்துக்கானது அல்ல, ஆனாலும் மனித நுரையீரல் ஒன்றுதானே. அந்தக் கணக்கில் என் அறைக்கு 3 பேர். பிரிட்டனின் வழிகாட்டுதல் 11 கன மீட்டர்; அதிலும் 3 பேர்தான் முழுசாகத் தேறுவார்கள். ஜெர்மனியில் தரைப்பரப்புக் கணக்கு: முதல் ஆளுக்கு 8 சதுர மீட்டர், அடுத்த ஒவ்வொருவருக்கும் 6. என் அறை சுமார் 16.7 சதுர மீட்டர். அங்கே என் அறையில் 2 பேர்!

நான் 12 பேரை அடைத்திருந்தேன். இரண்டு பேர் வேலையை விட்டார்கள். ஆறாம் மாதம் வேறு அறை எடுத்தேன். பழைய அறைக்கு 11 மாத லாக்-இன், அதாவது அதுவரை ஒப்பந்தத்தை விட்டு விலக முடியாது. மீதி ஐந்து மாதம் பூட்டிய கதவுக்கு வாடகை கட்டினேன். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது.

கேபினில் மூன்றே பேரை உட்காரவைத்தால் நம் ஊர் வாடகை கட்டுப்படியாகாது, தெரியும். அவர்கள் சொல்கிற சீட்டில் பாதியைத்தான் நான் இப்போது ஆள் கணக்காக எடுத்துக்கொள்கிறேன்.

பொது இடத்தையும் சேர்த்து வகுப்பது

சோபா, காபி மேடை, நடைபாதை, லிஃப்ட் முகப்பு எல்லாவற்றையும் கூட்டித் "தலைக்கு 60 சதுர அடி" என்பார்கள். ஆள் எட்டு மணி நேரம் உட்காருவது சோபாவில் அல்ல. கேபின் சுவருக்குள் இருக்கும் கார்பெட் ஏரியாவை மட்டும் கேளுங்கள்.

சட்டத்தில் இல்லையே என்பது

தமிழ்நாட்டில் 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று சேர்த்தார்கள். நல்ல காரியம். இருக்கையைச் சுற்றி எவ்வளவு இடம் என்பதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காலி அறையைப் பார்த்துக் கையெழுத்திடுவது

பக்கத்துக் கேபின் நிரம்பியிருக்கும் நாளில், மூன்று மணிக்குப் போய் அதற்குள் பத்து நிமிடம் நில்லுங்கள்.

அளக்கும் டேப் கொண்டுபோகாதது

கொண்டுபோங்கள்.

கிண்டியில் என் பையில் இருந்தது. ஒரு தம்பி நாற்காலியில் உட்கார, இன்னொருவர் அவர் முதுகிலிருந்து எதிர் நாற்காலி வரை இழுத்துப் பிடித்தார். ஒன்றேகால் அடி. மேலாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "எட்டுப் பேர் என்று போட்டுக்கொள்ளலாம் சார்" என்றார். வாடகை மட்டும் 12 சீட்டுக்குத்தானாம்.