டீனேஜ் பசங்களுக்கு சினிமா விமர்சனம் எழுத சொல்லிக் குடுக்கலாம் வாங்க

படம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டா பசங்ககிட்டருந்து செம, மொக்கை, இந்த ரெண்டுதான் வரும். அதனால அந்தக் கேள்வியையே விட்டுட்டு "என்ன பார்த்தே?"ன்னு ஆரம்பிங்க.

ஸ்டெப் 1: மணிகண்டனோட காக்கா முட்டை (2015) போடுங்க. குப்பத்து அண்ணன் தம்பிக்கு பீட்சா திங்க ஆசை, கதை அவ்வளவுதான், அதனால கதை சுருக்கம் எழுதியே பேப்பர் தீராது. முதல் தடவை சும்மா பார்க்கட்டும், நடுவுல நிறுத்தி விளக்கம் குடுக்காதீங்க.

ஸ்டெப் 2: மறுநாள் ஒரே ஒரு சீன். பாட்டி பீட்சா நோட்டீஸைப் பார்த்து தோசை மேல காய்கறி போட்டு சுட்டுக் குடுப்பாங்களே, அதை மொதல்ல சத்தமே இல்லாம ம்யூட்ல போடுங்க. கேமரா யார் முகத்துல நிக்குது, கிட்டயா தூரமா, வீடு எவ்ளோ சின்னது, வெளிச்சம் எங்கேருந்து வருது, கண்ணுல பட்டதை மட்டும் எழுதட்டும், நல்லா இருக்கு இல்லன்னு ஒரு வார்த்தை வரக்கூடாது. இந்தப் படத்துக்கு கேமராவும் டைரக்டரேதான், அதையும் சொல்லுங்க. அப்புறம் சத்தத்தோட போட்டா என்ன கூடுச்சுன்னு அவங்களே சொல்லுவாங்க. இதுக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும், மொத்த பாடத்துலயும் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

ஸ்டெப் 3: இப்போ "ஏன்". அன்னைக்கு பிடிக்காம போன அந்தத் தோசை, கடைசியில நிஜ பீட்சாவை வாயில வச்சதும் அதைவிட நல்லா இருந்துச்சுன்னு அந்த அண்ணன் தம்பிக்கு ஏன் தோணுது? பீட்சா கடையில வாங்கின அடியா, பாட்டி இல்லாமப் போனதா, இல்ல நிஜமாவே ருசிதானா? ஆளுக்கொண்ணு சொல்லட்டும், ஆனா எந்த சீனை வச்சு சொல்றாங்கன்னு காட்டணும். காட்ட முடிஞ்சா சரி.

ஸ்டெப் 4: எழுதுறது. கதை மூணு வரி, முடிவை உடைக்கக்கூடாது. மனசுல நின்ன ஒரு சீனைப் பத்தி பெருசா ஒரு பாரா. ஒரு குறை, காரணத்தோட. ஸ்டார் ரேட்டிங் வேண்டவே வேண்டாம், மூணரைன்னு போட்டதும் யோசிக்கிறது நின்னுடும். எழுதி முடிக்கிற வரைக்கும் யூடியூப் ரிவ்யூ பக்கமும் போக விடாதீங்க.

திருத்தும்போது எழுத்துப்பிழையைத் தேடாதீங்க. "நடிப்பு அருமை"ன்னு இருந்தா அடிக்காம ஓரத்துல "எந்த இடத்துல?"ன்னு எழுதிக் குடுங்க. இதுல நடிச்ச ரெண்டு பசங்களுக்கும் தேசிய விருது கிடைச்சுது, எதுக்குக் குடுத்திருப்பாங்கன்னு கேட்டா திரும்ப ஓடிப்போய் படத்தைப் போட்டுப் பார்ப்பாங்க.