தலையில் அடிபட்டவரின் மனதையும் பார்த்துக்கொள்ளுங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைக்கிலிருந்து விழுந்தவருக்குத் தலையில் அடி. சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் தலைவலி, கிறுகிறுப்பு. வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறது. நாளிதழில் நான்காவது வரிக்கு வரும்போது முதல் வரி மறந்துபோகிறது. கன்கஷன் எனப்படும் மூளை அதிர்ச்சி இப்படித்தான் இருக்கும். ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. “ஸ்கேன் நார்மல், எல்லாம் மனப்பிரமை” என்று வீட்டார் சொல்வது பெருந்தவறு. வலியை நிரூபித்தாக வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டவரால் வலியை மறந்திருக்கவே முடியாது.

இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்க வைப்பது இதற்கு நேரெதிர்த் தவறு. ஒரு காலத்தில் மருத்துவர்களே இப்படிச் சொன்னதுண்டு. 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 5 நாள் கண்டிப்பான ஓய்வில் இருந்த இளையோர், ஓரிரு நாள் மட்டும் ஓய்வெடுத்தவர்களைவிட அதிகத் தொந்தரவுகளைச் சொன்னார்கள். முதல் 24 முதல் 48 மணி நேரம் வேலையையும் கைபேசியையும் குறைத்துக்கொண்டு, பிறகு மெல்ல நடக்கத் தொடங்க வேண்டும். நடக்கும்போது தலைவலி சற்றே கூடினால் மூளை கெடுகிறது என்று பொருளல்ல. அந்தப் பயத்தில் நடையை நிறுத்துகிறவர்கள்தான் பலவீனமாகி, மேலும் பயப்படுகிறார்கள்.

மணிக்கொரு முறை “இப்போது வலிக்கிறதா?” என்று கேட்காதீர்கள். அக்கறையில் கேட்பதுதான், ஆனால் ஒவ்வொரு கேள்வியும் அவர் மனதைத் தலைக்கே திருப்புகிறது.

அதிகம் பேசப்படாத ஒன்று, எல்லா மறதியையும் அடியின் கணக்கில் எழுதுவது. சாவியை வைத்த இடம் விபத்துக்கு முன்பும் மறந்துதான் போயிருக்கும். ஆனால் அடிபட்டவர்கள் தங்கள் பழைய தலைவலியையும் மறதியையும் குறைத்தே நினைவுகூர்கிறார்கள் என்று உளவியல் ஆய்வுகள் காட்டுகின்றன. ‘இனி பழையபடி ஆகமாட்டேன்’ என்ற நம்பிக்கை வேரூன்றியவர்களுக்குக் குணமாகத் தாமதமாகிறது. வயதுவந்தவர்களில் பலர் இரண்டு வாரங்களிலேயே தேறிவிடுகிறார்கள் என்பதை முதல் நாளே எடுத்துச் சொல்வதும் சிகிச்சைதான்.

முன்பே பதற்றமோ மனச்சோர்வோ ஒற்றைத் தலைவலியோ இருந்தால் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். அவர்களுக்குக் கூடுதல் கவனிப்பு தேவைப்படலாம். ஒரு மாதம் கடந்தும் தீராவிட்டால் உளவியல் நிபுணரையும் பாருங்கள். அதனால் வலி பொய்யென்று ஆகிவிடாது.

தொடர் வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், கை கால் பலவீனம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.