ரெண்டர் செய்யும்போது விசிறி இரைகிறதா? 99 என்று மாற்றுங்கள்

விண்டோஸ் மடிக்கணினியில் வீடியோ ரெண்டரை (தொகுத்த வீடியோவை இறுதிக் கோப்பாக மாற்றும் வேலையை)த் தொடங்கும் முன், பவர் ஆப்ஷன்ஸில் உள்ள 'மேக்சிமம் பிராசசர் ஸ்டேட்' என்பதை 100-இலிருந்து 99 ஆகக் குறைத்துவிடுங்கள். இந்த ஒரு சதவீதக் குறைப்பு, பெரும்பாலான கணினிகளில் பிராசசரின் டர்போ வேகத்தையே (வேலை கூடும்போது வழக்கமான வேகத்தைத் தாண்டி ஓடுவதை) நிறுத்திவிடும். டர்போவில் வேகத்தோடு மின்னழுத்தமும் ஏறுவதாலும், மின்னழுத்தம் இருமடங்கானால் அதனால் எழும் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதாலும், கடைசியாகக் கிடைக்கும் கொஞ்ச வேகத்துக்காகத்தான் கணினி அவ்வளவு கொதிக்கிறது. சேலத்துச் சித்திரை வெயிலில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் அமர்ந்து கல்யாண வீடியோ தொகுப்பவர்களுக்கு இரைச்சல் அடங்குவது சில நிமிடங்களிலேயே காதில் தெரியும். ரெண்டர் முடியச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும். வேலையின் பெரும்பகுதியை கிராபிக்ஸ் கார்டு செய்தாலோ, காற்றுத் துளைகளில் தூசி அடைத்திருந்தாலோ இதனால் பெரிய பயன் இராது. சில புதிய மடிக்கணினிகளில் இந்த அமைப்பே கண்ணில் படாது.