ஒரே தழைக்கு மூன்று பங்காளிகள்: தீவன மரம் வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மானாவாரி மேட்டு நிலம் வைத்திருப்பவர்கள் பலர் அகத்தி, சூபாபுல், கிளைரிசிடியா என்று தீவன மரம் நட ஆசைப்படுகிறார்கள். ஆட்டுக்குத் தழை கிடைக்கும், காற்றிலுள்ள கரியமில வாயு மரத்தில் சேரும், செம்மண்ணுக்குச் சத்து ஏறும் என்ற நம்பிக்கைதான் காரணம். மூன்றும் நடக்கக்கூடியவையே. ஆனால் ஆடு, மரம், மண் மூன்றுக்குமே அதே தழைதான் வேண்டும். ஒருவருக்கே முழுசாகக் கொடுத்தால் மற்ற இரண்டு பேரும் பட்டினி.

எங்கள் கொல்லையில் முதல் வருஷம் அதைத்தான் செய்தோம். ஆறு மாத அகத்தியை இடுப்பளவில் மொட்டையாக வெட்டிப் போட்டோம். ஆடுகள் இரண்டு நாள் வயிறு நிறையத் தின்றன. கொஞ்ச நாளில் வெட்டுவாய் கறுத்து, பட்டை சுருங்கி, விரலால் தொட்டாலே உரிந்து வந்தது. இருபதில் நாலுதான் தப்பியது. அகத்தி தலைவெட்டைத் தாங்காது. நடுத்தண்டை விட்டுவிட்டுப் பக்கக் கிளைகளை மட்டும் ஒடிக்க வேண்டும். சூபாபுல் வெட்ட வெட்டத் துளிர்க்கும்தான், ஆனால் அதையும் முதல் வருஷம் வேர் பிடிக்க விடுங்கள். பிறகு ஒரு மீட்டர் உயரத்தில் வெட்டலாம். கோடையில் வெட்டைத் தள்ளிப் போடுவது நல்லது.

கார்பன் கணக்கிலும் இதே குழப்பம் உண்டு. ஆடு தின்ற தழையின் கார்பனில் பெரும்பகுதி மூச்சாகவும் மீத்தேனாகவும் காற்றுக்கே திரும்பிவிடும். தங்குவது தண்டிலும் வேரிலும் மண்ணில் சேரும் மக்கிலும்தான். காய்ந்த கட்டையின் எடையில் ஏறத்தாழ பாதி கார்பன். ஒரு கிலோ கார்பன் சேர்ந்தால் 3.67 கிலோ கரியமில வாயு காற்றிலிருந்து குறைந்திருக்கிறது என்று அர்த்தம். அதனால் வரப்போரம் வாகை, வேம்பு, ஆச்சா என்று சில மரங்களையாவது தழைக்காக மொட்டையடிக்காமல் பருக்க விடுங்கள்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது புழுக்கையை விற்பது. தழையை வெட்டிக் கொட்டகையில் போட்டு, எருவை வண்டியேற்றி அனுப்பிவிட்டால், மரம் வைத்த பிறகு நிலம் முன்பைவிட மெலிந்துதான் போகும். கிடை போடுகிற, அதாவது எருவுக்காக ஆடுகளை இரவில் வயலிலேயே அடைக்கிற வழக்கம் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. எரு அந்த நிலத்துக்கே திரும்ப வேண்டும். உதிர்ந்த சருகைக் கூட்டிக் கொளுத்துவதும் கூடாது, மரத்தடியிலேயே கிடக்கட்டும்.

அப்புறம், சூபாபுல் ஒன்றையே நடாதீர்கள். அதன் தழையில் மைமோசின் என்ற நச்சு இருக்கிறது. அதை மட்டுமே தின்றால் முடி உதிரும், தைராய்டு வீங்கும். மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கிளைரிசிடியாவை வாசனை பிடிக்காமல் ஆடு முதலில் முகர்ந்துவிட்டுத் தள்ளும். சில மணி நேரம் வாட வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் தின்னும். இதைப் போத்து (வெட்டிய கிளைத்துண்டு) நட்டும் வளர்க்கலாம், ஆனால் நம் வறண்ட மண்ணுக்கு விதைக் கன்றுதான் சரி, அதன் வேர் ஆழமாக இறங்கும்.

குழியில் சோம்பல் வேண்டாம். ஒரு முழம் தோண்டியதும் கடப்பாரை 'டங்' என்று செம்புறாங்கல்லில் மோதும். அங்கேயே நிறுத்திக் கன்றை வைத்தால் வேர் கிண்ணத்துக்குள் சுற்றுவது போலச் சுற்றும். உடைத்து, மேல்மண்ணும் மக்கிய எருவும் போட்டு நிரப்புங்கள். சித்திரையில் நட்டு லாரித் தண்ணீர் ஊற்றுவதைவிடப் புரட்டாசிக் கடைசியில் குழி தயாராக இருந்தால் ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும்.

கண்மாய் வரத்துக்கால் ஓரத்தில் சூபாபுல் வேண்டவே வேண்டாம். விதை தண்ணீரோடு போய்ப் பரவும். சீமைக் கருவேலால் பட்டது போதாதா? கொல்லைக்குள் நட்டாலும் நெற்று முற்றும் முன் வெட்டிவிடுங்கள்.

செட்டிநாட்டிலேயே மாவட்டக் கால்நடைப் பண்ணை இருக்கிறது. நடுவதற்கு முன் ஒருமுறை போய் விசாரியுங்கள். வரும்போது வேலிக்கும் ஏற்பாடு செய்துவிட்டு வாருங்கள். கன்று நட்ட அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டு ஆடு வந்து நிற்கும்.